தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கை

ஆபரேஷன் முடிந்ததும், எடுத்ததைத் தட்டில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுவது டாக்டர் சோலைராஜின் வழக்கம். திருவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. தியேட்டர் துடைக்கும் நான் பல வருடமாகக் கதவைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறேன். வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை நிற்பார்.

"எங்க அய்யா அம்புட்டுக் கல்லையும் வயித்துல வச்சுக்கிட்டா வீட்டுக்கு ஜல்லி தேடுனாரு?" என்று தட்டில் இருந்த பித்தப்பைக் கற்களைப் பார்த்து ஒருத்தர் கேட்டபோது டாக்டரும் சிரித்தார்.

மனைவியும் மகளும் சென்னைக்குப் போன பிறகு, தட்டை முதலில் செல்போனுக்குக் காட்ட ஆரம்பித்தார். படத்தை பேஸ்புக்கில் போடுவார். மத்தியானம் கேரியரைத் திறந்து வைத்துவிட்டு, வெளியூர் டாக்டர்கள் அதற்கு எழுதியதைப் படிப்பார். பக்கத்தில் வேறு யாரும் இல்லையென்றால் என்னிடம் சொல்வார்.

"கூடப் படிச்சவன்மா. ஏலே சோலை, இன்னும் கை நடுங்கலையான்னு கேக்கான்."

சோறு ஆறிப்போயிருக்கும்.

கான்சாபுரம் வெள்ளைத்தாய்க்குக் கர்ப்பப்பையோடு பெரிய கட்டியை எடுத்தார். பிள்ளை இல்லாதவள். புருஷன் உக்கிரபாண்டி பட்டாளத்தில் இருந்தார். அவருக்குச் சொல்லாமல் தாயைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தாள். டாக்டர் படத்தில் முகம் வராமல் பார்த்துக்கொண்டார், பெயரும் போடவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் நீட்டிக் கிடந்த அவள் கையை அவர் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. அந்தக் கையில் புருஷன் பெயரைப் பச்சை குத்தியிருந்தாள்.

தையல் பிரிக்க வந்தபோது அந்தக் கையைத்தான் மேஜை மேல் வைத்தாள்.

"மூஞ்சி தெரியலைதான் சார். அவிய பேரு தெரியுதே. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் படத்தை அவியளுக்கு அனுப்பிட்டான். லீவுல வாரப்ப பக்கத்துல உக்காந்து நானே சொல்லணும்னு இருந்தேன்."

டாக்டர் அவள் எதிரிலேயே செல்போனைத் திறந்து பேஸ்புக்கில் இருந்த படத்தை நீக்கினார். "அழிச்சிட்டேன்மா."

"நீங்க அழிச்சிட்டீக. அவிய பாத்தாச்சே."

"என்ன சொன்னார்?"

"நான் பேச ஆரம்பிச்சதும் போனை வச்சிட்டாக."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அன்றே பேஸ்புக்கை மொத்தமாக எடுத்துவிட்டார்.

லீவில் வந்த உக்கிரபாண்டி, ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டுத் திரும்பிப் போனார்.

வெள்ளைத்தாய் இப்போது தாய் வீட்டில் இருக்கிறாள். டாக்டர் தட்டை நேராக வாசலுக்குக் கொண்டுவருகிறார். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறார்.