சேலைத் தட்டுல ஸ்டாம்பு

எங்க வீட்டு பீரோவுல நாலு தட்டு. மேல் தட்டு எனக்கு. அடித்தட்டுல பத்திரம், பழைய போட்டோ. நடுவுல உள்ள ரெண்டும் என் வீட்டுக்காரிக்குன்னு கல்யாணமாகி வந்தப்பவே பேச்சு. அதுல ஒண்ணை என் ஸ்டாம்பு புத்தகங்க பிடிச்சுக்கிருச்சு. முப்பது வருஷத்துக்கு மேல அந்தத் தட்டுக்காக எங்களுக்குள்ள சண்டை. "கடுதாசியில ஒட்டுற காகிதத்துக்கு இரும்பு பீரோ, நான் கட்டுற சேலைக்கு அட்டைப்பெட்டி. வெளிய சொன்னா கைகொட்டிச் சிரிப்பாக"ம்பா. சிரிச்சா சிரிக்கட்டும்னு நானும் விட்டுக் குடுக்கல.

இப்ப சண்டை போட ஆளில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்துச்சு, அவ திரும்ப வேலைக்குப் போகணும், பார்த்துக்கிற ஆள் வேணும்னு போன வருஷம் சித்திரையில சென்னைக்குப் போனா என் வீட்டுக்காரி. "மூணு மாசந்தான், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துருவேன்"னு சொல்லிட்டுத்தான் போனா. நான் எத்தனையோ தடவை கண்ணை மூடித் திறந்தாச்சு. எங்க ஊரு போடிக்கும் சென்னைக்கும் நேரா ரயில் விட்டுட்டாக. ராத்திரி ஏறினா காலையில இங்கன வந்து எறங்கலாம். அப்பவும் வரல.

நீ போயி அங்கன இருக்கவேண்டியதுதானேன்னு எல்லாரும் கேக்கிறாக. போகாமயா இருந்தேன்? பத்து நாள் இருந்தேன். ஆறாவது மாடி. கீழ எறங்கி டீ குடிக்கணும்னாக்கூட கேட்டுல பேரு எழுதிட்டுத் திரும்ப வரணும். மருமகன் தங்கமான பிள்ளைதான், ஆனா அவரு உக்காந்திருக்கிற சோபாவுல நான் கால் நீட்ட முடியுமா? பேத்தி அழுதா தூக்கணும், சிரிச்சா குடுத்திரணும், அவ்வளவுதான் என் உத்தியோகம். பத்தாம் நாள் பையைத் தூக்கிட்டேன். அவ வாசல்வரைக்கும் வந்து, "கோவத்துல ஒண்ணும் குறைச்சல் இல்லை"ன்னா.

இதுக்கு முன்னாடி மக வீட்டுக்குப் போறப்பெல்லாம் ஒரு வாரம், பத்து நாள் இருந்துட்டு வந்துருவா. வரும்போது ஒரு சேலையை மட்டும் அங்கனயே விட்டுட்டு வருவா. "போயி வர்ற எடத்துல மாத்துச்சேலை ஒண்ணு கெடக்கணும். ஒவ்வொரு தடவையும் தூக்கிச் சுமக்க முடியுமா"ம்பா. கெட்டிக்காரத்தனம்தான்னு அப்ப நெனச்சேன்.

இந்த ஆடி பிறந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஸ்டாம்பையெல்லாம் எடுத்து வேற எடத்துல ஒழுங்கா அடுக்கி, அந்தத் தட்டைக் காலி பண்ணி வச்சா அவ வந்துருவா. கிறுக்குத்தனம்தான், எனக்குத் தெரியாதா? ஆனா வீடு வெறிச்சுன்னு கெடக்கு. காலையில டீக்கடை, மத்தியானம் மெஸ்ஸு சாப்பாடு. வாயைத் திறக்கணும்னா டிவியில செய்தி வாசிக்கிறவளைத்தான் திட்டணும். அவ வரணும். அதுக்குத் தட்டு ஒரு சாக்கு.

ஸ்டாம்பு சேர்ந்த கதையைச் சொல்லிருறேன். நான் ஏலக்காய்க் கடையில கணக்குப் பார்த்தவன். அந்தக் காலத்துல கடைக்கு அரபு நாட்டுலருந்து, டெல்லி, கான்பூர்லருந்து எல்லாம் கடுதாசி வரும். முதலாளி படிச்சு முடிச்சதும் கவர் மூலையைக் கிழிச்சு என் பக்கம் தள்ளிவிடுவாக. கும்பாவுல தண்ணி ஊத்தி மிதக்க விட்டா காகிதம் தனியா, ஸ்டாம்பு தனியா கழண்டு வரும். தலையில துணி போட்ட ராசா, கப்பல், ஒட்டகம்னு ஒவ்வொண்ணா சேர்ந்துச்சு. அப்புறம் ஆசை முத்திப்போயி, மதுரை பெரிய தபாலாபீசுக்கே போயி பசை கலையாத புது ஸ்டாம்பா வாங்க ஆரம்பிச்சேன். பிளாஸ்டிக் பட்டை வச்ச புத்தகத்துல அதுகளைச் சாமணத்தால எடுத்துச் சொருகி வைப்பேன். கை படக்கூடாது, கை வேர்வையே அதுக்கு எமன்.

எங்க ஊருல ஆனி, ஆடியில மலையிலருந்து சாரல் இறங்கிரும். தீப்பெட்டிகூட நமத்துப்போகும். புதுப் பசைக்கு அந்த ஈரம் போதும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும். ஆனா நான் யாரு? ஏலக்காய்க் கடைக்காரன். ஈரம் ஏறி வெளுத்துறாம ஏலக்காயோட பச்சையைக் காப்பாத்துற கருப்புக் கவர் இருக்குல்ல, அதுக்குள்ள புத்தகத்தைப் போட்டு மூடைக்குப் போடுற மாதிரி முடிச்சுப் போட்டு வச்சிட்டேன். எங்க கடையில ஆளுக்கொரு முடிச்சு. எவனாவது அவுத்துக் கைவிட்டா மறுநாளே தெரிஞ்சுபோகும். என் முடிச்சு ரெண்டு சுத்து, நுனி உள்ள, காது இடப்பக்கம். இத்தனை வருஷமா ஒரு ஸ்டாம்பு கெட்டதில்லை. தெரிஞ்சவுக கிட்டயெல்லாம் இந்தக் கவர் வித்தையைப் பீத்தியிருக்கேன்.

அந்தக் கவரைத்தான் இப்ப அவுத்தேன். குப்புன்னு பூசண வாடை. முதல் புத்தகத்தைத் திறந்தா பக்கம் வரமாட்டேங்குது. புது ஸ்டாம்பு பூராவும் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிட்டு கெடக்கு. பட்டைக்கு மேல ஈரம் முத்துமுத்தா நிக்குது. உடனே போனைப் போட்டு அவளை வஞ்சேன். "கவர்ல ஓட்டை போட்டுட்டியா? என்ன பண்ணித் தொலைச்ச?"

அந்தப் பக்கம் குக்கர் சத்தம். அது அடங்கினப்புறம் கேட்டா, "போன ஆடியில வெயில் காட்டினீகளா?"

"என்ன வெயிலு?"

"அட சாமி. கவருக்குள்ள போட்டுக் கட்டிட்டா ஈரம் எங்கன போகும்? வருஷா வருஷம் சாரல் விட்டு வெயில் தலைகாட்டுற அன்னைக்கு, நீங்க கடைக்குப் போனதும் எல்லாத்தையும் அவுத்து மாடி ரூம்ல விரிச்சு நிறுத்துவேன். நேர் வெயில் படாம, காத்து மட்டும் படுற மாதிரி. பக்கம் பக்கமா பெரட்டி விடுவேன். சாயங்காலம் கவரையும் துடைச்சு உள்ள வச்சு, நீங்க போடுற அதே முடிச்சைப் போட்டிருவேன்."

"என் முடிச்சு உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன். சொன்னா, என் புத்தகத்தைத் தொட்டியான்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பீக. எதுக்கு வம்புன்னு சொல்லல."

கடுதாசிக் காகிதம்னு வாய்க்கு வாய் ஏசினவதான் இவ. போனை வச்சிட்டு ரொம்ப நேரம் அந்தப் புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வெக்கமா இருந்துச்சு. அதைவிட, அவ பக்கத்துல இல்லையேன்னு அழுகையா வந்துச்சு.

அடுத்த நாலஞ்சு நாள் அதே வேலை. ஒட்டினதையெல்லாம் கும்பாத் தண்ணியில போட்டுப் பிரிச்சேன். பசை போனா புது ஸ்டாம்புக்கு மதிப்புப் போச்சு, போகட்டும். வெளிய சாரல், வெயிலே இல்லை. கட்டில்ல அவ படுக்கிற பக்கம் பேப்பரை விரிச்சு, ஃபேனைப் போட்டுக் காயவச்சேன். பறந்துறாம இருக்க மேல இன்னொரு பேப்பர். நான் சுவரோரமா ஒடுங்கிப் படுத்துக்கிட்டேன். காஞ்சதையெல்லாம் புது புத்தகத்துல சொருகி, டிவிக்குப் பக்கத்து ஷெல்புல அடுக்கினேன். பீரோத் தட்டைத் துடைச்சு, புதுத் தாள் போட்டு, அட்டைப்பெட்டியில கெடந்த அவ சேலைகளை எடுத்து மடிப்புக் கலையாம வச்சேன். அந்துருண்டைகூடப் போட்டேன். பார்க்க லட்சணமா இருந்துச்சு.

வீடியோ கால் போட்டு போனை பீரோப் பக்கம் திருப்பினேன். "பாரு. ரெண்டு தட்டும் உனக்குத்தான். எப்ப வர்ற?"

அவ ரொம்ப நேரம் பார்த்தா. பேத்தி இடுப்புல இருந்துக்கிட்டு போனைப் பிடுங்கப் பார்க்குது. "நல்லாத்தான் அடுக்கியிருக்கீக"ன்னா. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு, இல்லை நெட்டு சரியில்லையோ என்னவோ.

"எனக்கு இங்கன தனியா இருக்க முடியலத்தா. வந்துரு." சொல்லிட்டேன். கல்யாணமான நாளிலருந்து இப்படி ஒரு வார்த்தை நான் அவகிட்டச் சொன்னதில்லை.

"நீங்க இங்க வந்து இருங்கன்னா இருக்க மாட்டேங்கிறீக. இவளை யாருகிட்ட விடச் சொல்றீக? பள்ளிக்கூடம் போற வரைக்குமாவது நான் வேணும்ல." பிறகு மெதுவா, "நானே சொல்லணும்னு இருந்தேன். அந்தச் சேலையெல்லாம் பார்சல் போட்டு விட்டுருங்க. இங்க கட்டுறதுக்கு இல்லை. அந்த அரக்குக் கலர் சேலையை மட்டும் அங்கனயே வைங்க. போயி வர்ற எடத்துல மாத்துச்சேலை ஒண்ணு கெடக்கணும்."

சரின்னேன்.

மறுநாள் சேலைகளை வேற ஒரு கருப்புக் கவர்ல போட்டு, மேல துணி சுத்தித் தச்சு, தபாலாபீசுல குடுத்தேன். ஸ்டாம்பு ஒட்டுவாகன்னு நின்னேன். மெஷின்ல ஒரு சீட்டு அடிச்சு ஒட்டி உள்ள தள்ளிட்டாக. திரும்பி வந்து பீரோவைத் திறந்தா, ரெண்டு தட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சேலை.

அன்னைக்கு மத்தியானம் சாரல் விட்டு லேசா வெயில் அடிச்சுச்சு. புத்தகத்தையெல்லாம் மாடி ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி, நேர் வெயில் படாம விரிச்சு நிறுத்தி, பக்கம் பக்கமா பெரட்டிவிட்டேன். சாயங்காலம் திரும்ப கவர்ல போட்டேன். முடிச்சு மட்டும் போடல. தொடுறதுக்கு யாரு இருக்கா?