கொன்னது ஆரு?

பழைய புத்தகக் கடைக்குப் பட்டியலோடு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டதை எடுத்துக் கொடுக்க அது என்ன மருந்துக்கடையா? மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு குடோன்களுக்கு நடுவே இருக்கிறது அந்தக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். மலையாளச் சமையல் புத்தகத்துக்கு அடியில் இங்கிலீஷ் அகராதி இருக்கும். அதற்கும் அடியில், யாருக்கோ கல்யாணத்துக்குப் பரிசாக வந்து பிரிக்கவே படாத கவிதைத் தொகுப்பு. நடுவில் பஸ் டிக்கெட், காய்ந்த துளசி என்று யாராவது எதையாவது விட்டு வைத்திருப்பார்கள். வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் தொடாமல் போகிறவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் நானும் ஒன்றைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். அதற்குக் காரணம் நான் பிறந்ததுதான்.

அப்போதெல்லாம் எங்களைப் போன்ற கொச்சித் தமிழ் வீடுகளில், மெட்ராஸிலிருந்து வரும் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பார்கள். அப்படி ஒரு கதையின் கடைசி வாரங்களில் அம்மா என்னைப் பெறுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். கதாநாயகி கணவன் வீட்டை விட்டு வெளியேறி, பெட்டியோடு ரயில்வே ஸ்டேஷனில் நிற்கிறாள். ரயில் ஏறுவாளா, திரும்பிப் போவாளா? அப்பாவுக்குக் கதையே ஆகாது. ஆனாலும் மிச்சப் பக்கங்களை ஒழுங்காகக் கிழித்து பைண்டரிடம் கொடுத்துவிட்டார். பைண்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அம்மா ஆசை ஆசையாகப் புத்தகத்தைத் திறந்தாள். கதாநாயகி பெட்டியோடு நிற்கிறாள்; பக்கத்தைத் திருப்பினால் ஒரு இன்ஸ்பெக்டர் பிணத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்! வேறு யார் வீட்டுத் துப்பறியும் கதையின் வாலையோ எங்கள் கதையோடு சேர்த்துத் தைத்திருந்தார் மனுஷர். எங்கள் வால் எந்த வீட்டுக்குப் போனது என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் கதை பிறகு புத்தகமாகவும் வரவில்லை.

"நீ ஒரு மாசம் கழிச்சுப் பொறந்திருக்கப்படாதா?" என்று அம்மா கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். போன வருஷம் கண் மங்கி, எழுத்தே தெரியாமல் போனபோது சிரிக்காமல் கேட்டாள்: "அவ ரயில் ஏறினாளான்னு தெரியாமலே போயிடுவேனாடீ?" அதற்கப்புறம் அந்த வாலைத் தேடாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

இந்த மழைக்காலத்தில் ஒரு நாள் கடைக்காரச் சேட்டன் என்னைக் கண்டதும், "சேச்சீ, தமிழ் ஒரு சாக்கு வந்நிட்டுண்டு" என்றார். விற்றுப்போன ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்த சாக்கு. கையை விட்டுத் துழாவினேன். பச்சைத் துணி ஒட்டிய முதுகு ஒன்று அகப்பட்டது. எங்கள் வீட்டுப் புத்தகத்துக்குப் போட்ட அதே பைண்டிங். திறந்தால் அதே இன்ஸ்பெக்டர். நேரே கடைசிக்குப் போனேன். ஸ்டேஷன், பெட்டி, அவள்.

சத்தியமாக நான் அங்கே படிக்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் படிக்க நான் யார்? ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அவள் ரயில் ஏறவில்லை. கணவன் வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. அதே ஊரில், ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு அறை எடுத்துக்கொண்டு வேலை தேடக் கிளம்புகிறாள். முற்றும்.

"அட, சமர்த்தே!" என்றாள் அம்மா. "இத்தனை வருஷமா நான் அவளை ஏத்தறதும் எறக்கறதுமாவே இருந்தேன். இது எனக்குத் தோணவே இல்லையே!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதை மாறும் பக்கத்தின் ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்களில் பலர் எழுதுகிற மாதிரி, தமிழை மலையாள எழுத்தில் எழுதியிருந்தது: "கொன்னது ஆரு?" அதற்குக் கீழே அதே கேள்வி இன்னொரு முறை, வயதான கை எழுதியதுபோல் கோணல்மாணலாக.

படித்துச் சொன்னேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஐயோ, அந்த வால் நம்மகிட்டன்னா இருக்கு! கொன்னது கணக்கப்பிள்ளையாக்கும். போய்ச் சொல்லிட்டு வாடீ!"

சேட்டனுக்கு ஃபோன் செய்து அந்தச் சாக்கு யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன். "ஆ அம்ம மரிச்சு போயி, சேச்சீ" என்றார். அந்த அம்மா போனபிறகுதான் பிள்ளைகள் வீட்டை விற்றிருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பென்சிலை எடுத்து வரச் சொன்னாள்.

இரண்டாவது கேள்விக்குக் கீழே, மலையாள எழுத்திலேயே எழுதினேன்: கணக்கப்பிள்ளை.

"இன்னும் பெரிசா எழுது," என்றாள் அம்மா. "அவளுக்கும் கண்ணு மங்கித்தானே இருந்திருக்கும்."