சுபாஸ்ரீ பேருக்கு அர்ச்சனை

தன்னைப் பட்டுப் பிரிவிலிருந்து இறக்கித் துண்டுப் பிரிவில் நிறுத்திய அன்றைக்கே உமாதேவி முடிவு செய்துவிட்டாள், சுபாஸ்ரீ உருப்படக் கூடாது என்று.

தேனி பஜாரில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்குக் கல்யாணப்பட்டு எடுக்க வருகிறவர்கள் படியேறும்போதே "உமாக்கா இருக்காகளா?" என்றுதான் கேட்பார்கள். அவள் பெண்ணின் நிறத்தைப் பார்ப்பாள், மாப்பிள்ளையின் அம்மா முகத்தைப் பார்ப்பாள், பிறகு ஒரே ஒரு சேலையை விரிப்பாள். பெரும்பாலும் அதுவே முடிந்துவிடும். புருஷன் போன பிறகு மகனைப் படிக்க வைத்ததும், சொந்தக்காரர்கள் முன்னால் தலை நிமிர்ந்து நடந்ததும் அந்த மாடிக் கவுண்டரை நம்பித்தான்.

சுபாஸ்ரீ தேவாரத்துப் பெண். சேலை மடிக்கக்கூடத் தெரியாமல் வந்தவளுக்கு உமாதேவிதான் எல்லாம் பழக்கினாள். அதோடு விட்டாளா? அந்தப் பெண்ணின் ஜாதகத்தைப் பையில் போட்டுக்கொண்டு தரகர் வீடு தரகர் வீடாக அலைந்து மாப்பிள்ளை வேறு தேடினாள். கும்ப ராசி, சதய நட்சத்திரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

அப்படி இருந்த நேரத்தில்தான் கம்பத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் கூறைப்பட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மடிப்புக்குள்ளே டீக்கறை. கல்யாணச் சேலையில் கறை என்றால் அபசகுனம் அல்லவா? கடையே அதிரும்படி சத்தம் போட்டார்கள். யார் மடித்தது என்று அண்ணாச்சி கேட்டார். அந்தச் சேலை விற்ற அன்றைக்குக் கவுண்டரில் டீ குடித்தவள் சுபாஸ்ரீ. மடித்துப் பெட்டியில் வைத்தவளும் அவள்தான். ஆனால் அவள் வாய் கூசாமல் சொன்னாள்:

"உமாக்காதான் அண்ணாச்சி மடிச்சாக. கறையைப் பாத்துட்டுத்தான் உள்ள வச்சு மடிச்சாக. நான் சொன்னேன், கேக்கல."

மறுநாளே உமாதேவியைக் கீழே அனுப்பிவிட்டார்கள். துண்டு, கைலி, உள்பாவாடை. பட்டு எடுக்க வருகிற தெரிந்த முகங்கள் எல்லாம் அவளைத் தாண்டித்தான் மாடி ஏறின. "இங்கனயா இருக்கீக?" என்று அவர்கள் கேட்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. 'நான் சொன்னது பொய்' என்று எல்லார் முன்னாலும் சுபாஸ்ரீ ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்லாத வரைக்கும் அவள் நாசமாய்ப் போக வேண்டும்.

இரண்டு பேரும் முகம் பார்க்காததில் வியாபாரம் கெட்டது. மாடியில் பட்டு எடுத்தவர்களைக் கீழே உள்பாவாடை எடுக்க சுபாஸ்ரீ அனுப்புவதில்லை. உமாதேவியும் யாரையும் மேலே கை காட்டுவதில்லை. அண்ணாச்சி மதுரையிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தார். வேலை பார்க்கும் இடத்தில் சண்டையைத் தீர்ப்பது எப்படி என்று சுவரில் படம் காட்டிப் பேசுகிற ஆள். அவர் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒருவரிடம் உள்ள நல்ல குணத்தை மற்றவர் சொல்ல வேண்டும் என்றார்.

"நல்லா பவுடர் போடுது" என்றாள் உமாதேவி.

எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் கை கொடுக்கச் சொன்னார். கொடுத்தாள். கொடுத்த கையைப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மனுஷர்கள் தீர்த்து வைக்காத வழக்கைச் சனீஸ்வரனிடம் கொண்டு போனாள். வார விடுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு குச்சனூருக்கு பஸ் ஏறினாள். கும்ப ராசிக்கு ஏழரை நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் லட்சம் பேர் கும்ப ராசிக்காரர்கள் இருக்கிறார்களே, கூட்டத்தில் இவளை விட்டுவிட்டால்? அதனால் எள் விளக்கு ஏற்றி, அர்ச்சனைச் சீட்டு வாங்கி, பேர், ராசி, நட்சத்திரம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள்.

"சுபாஸ்ரீ யாரு, பொண்ணாம்மா?" என்று கேட்டார் அர்ச்சகர்.

"எங்க பிள்ளதான் சாமி" என்றாள். அவர் மந்திரம் சொல்லச் சொல்ல இவள் கண்ணை மூடிக்கொண்டு, 'ஆளை அடையாளம் காட்டிட்டேன், விட்டுராதே' என்று மனசுக்குள் முறையிட்டாள்.

வாரா வாரம் போனாள். மழை பெய்தாலும் போனாள். சுபாஸ்ரீக்கோ மாப்பிள்ளை அமைந்தது. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற நல்ல குடும்பம். பிறகு மாடிக்கே அவளைப் பொறுப்பாளர் ஆக்கினார் அண்ணாச்சி. புது ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். உமாதேவிக்கு வயிறு பற்றி எரிந்தது. சனி மெதுவாகத்தான் நடப்பார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, விளக்கை ஒன்றுக்கு இரண்டாக்கினாள்.

ஒரு சனிக்கிழமை வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற அம்மாள் அர்ச்சனைத் தட்டை நீட்டி, "சுபாஸ்ரீ, கும்பம், சதயம்" என்றாள். சுபாஸ்ரீயின் தாய் இருளம்மாள். அர்ச்சகர் அவளையும் பின்னால் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதே பேருக்கு இந்த அம்மா வாரந்தவறாம வந்து செய்யறாங்களே. ஆயுள், ஆரோக்கியம், ஐஸ்வர்யம்னு நானும் சங்கல்பம் பண்ணிட்டே இருக்கேன். பெத்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க."

உமாதேவிக்குத் தலை சுற்றியது. ஆயுளா? ஐஸ்வர்யமா? இத்தனை வாரம் பஸ் ஏறி வந்து, கால் கடுக்க நின்று, அந்தப் பாவிக்கா வரம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்? சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம், அர்ச்சனை என்றால் நல்லா இருக்க வேண்டும் என்றுதான் செய்வார்கள் என்பது. இத்தனை நாளும் ஆத்திரம் அவள் கண்ணை மறைத்திருந்தது. இருளம்மாளோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"ஆத்தா, எம்மக உனக்குச் செஞ்சதுக்கு நீ மண்ணை வாரித் தூத்தியிருக்கணும். நீ விளக்கு ஏத்துற!"

உமாதேவி முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது சுபாஸ்ரீ மாடியிலிருந்து இறங்கி நேராகத் துண்டுப் பிரிவுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. எல்லாரும் பார்க்க உமாதேவியின் காலில் விழுந்தாள்.

"நான் சொன்னது பொய்க்கா. கறை என் கையால பட்டது. நான்தான் மடிச்சேன். வேலை போயிரும்னு பயந்து உங்க தலையில போட்டேன். அண்ணாச்சி, கேட்டுக்கோங்க, அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

கேட்க வேண்டும் என்று ஏங்கிய அதே வார்த்தை. உமாதேவியின் நெஞ்சு குளிர்ந்துபோனது. அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "உமா, நீ இன்னைக்கே மேல போ. இந்தப் பிள்ளைய என்ன செய்யட்டும்? வீட்டுக்கு அனுப்பிரவா? நீயே சொல்லு" என்றார்.

"ஐயோ, வேலையை விட்டெல்லாம் எடுக்காதீக அண்ணாச்சி. வாழப்போற பிள்ள" என்றாள் உமாதேவி, தேன் ஒழுக. "இங்கன துண்டுப் பிரிவுல ஆள் இல்லையே. இங்கன நிக்கட்டும்."

என்ன பெருந்தன்மை என்று கடை ஆட்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். உமாதேவி கைலிக் கட்டுகளைத் தாண்டி வெளியே வந்தாள். இனி கல்யாண வீட்டார் எல்லாரும் யாரைத் தாண்டி மாடி ஏறுவார்கள் என்று நினைக்க நினைக்க இனித்தது.

படியில் கால் வைத்தபோது சுபாஸ்ரீ பின்னாலேயே ஓடி வந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"எக்கா, இனிமே சனிக்கிழமை நான் குச்சனூருக்குப் போறேன். நீங்க எனக்குச் செஞ்ச மாதிரியே நானும் உங்க பேருக்குச் செய்யணும். உங்க ராசி, நட்சத்திரம் சொல்லுங்க."

உமாதேவி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. உமாதேவி பிறந்தது துலாம், விசாகம்.

"மிதுனம், திருவாதிரை" என்று சொல்லிவிட்டு வேகமாக மாடி ஏறினாள்.