ஆயில் குடிக்கும் வண்டிக்கு ஒரு சாட்சி

சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடத்துக்கு எங்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போன கார் டிரைவர் அவர். நகக்கண் பத்தும் கறுப்பாக இருக்கும். வல்லக்கோட்டைப் பக்கம் வந்ததும் தினமும் வண்டியை நிறுத்திவிடுவார். பானட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணித்துண்டில் துடைப்பார். அதில் தேதி எழுதி, என்னிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவார்.

"இன்ஜின் ஆயிலா குடிக்குது சார். இதே வண்டி வாங்கினவங்க அத்தினி பேரும் சேந்து கேஸ் போட்ருக்கோம்."

அந்த இன்ஜின் எங்கள் பேக்டரியில் செய்தது. ஆயில் கசிந்து மேலேறி எரிந்துபோகாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கை அதற்கு மாட்டும் லைனில்தான் எனக்கு வேலை. என் லைன் எதுவென்று சொல்லாமல், யாருக்கும் புரியாதபடி கிறுக்கிக் கொடுப்பேன்.

மூன்று வருடம் கழித்துக் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. இவர் இரண்டு மூட்டைத் துணியை அவிழ்த்ததுமே கம்பெனி வக்கீல் மூக்கைப் பொத்திக்கொண்டாராம். கேஸ் போட்ட எல்லாருக்கும் இலவசமாகப் புது இன்ஜின்.

மறுவாரமும் வண்டி அதே இடத்தில் நின்றது. கம்பியை மூன்று தடவை விட்டுப் பார்த்தார். ஆயில் சொட்டுக்கூடக் குறையவில்லை. அவர் முகம்தான் வாடிப்போயிருந்தது. வழக்கம்போலத் துணியை நீட்டினார்.

"இப்ப எதுக்குண்ணே?"

"இன்னா சார் இப்டி கேக்குற? நாளிக்கு அவனுங்க வந்து, 'ஆயில் குடிக்காத இன்ஜின் உனக்கு எப்டி வந்துச்சு, திருப்பிக் குடு'ன்னு கேஸ் போட்டா? எனக்குச் சாட்சி வோணும்ல?"

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அன்றுதான் முதல்முறையாக முழுப்பெயரையும், கீழே என் லைன் நம்பரையும் தெளிவாக எழுதினேன்.

அவர் அதைப் படிக்காமலே மடித்துப் புது மூட்டையில் போட்டார்.