கருவை மரத்தில் தரை போட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் அவர் போட்ட மரத்தரையில் நடந்திருக்கிறீர்கள். மீதிப் பேர், அதில் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று ஒரு காலத்தில் காத்திருந்தவர்கள். இரு தரப்பாருக்கும் முதலில் வணக்கம். நன்றியைக் கடைசியில் சொல்வதுதான் முறை. அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை.

அக்கா பிறந்தது எழுமலையில். அப்பா அங்கே பள்ளி ஆசிரியர். அக்கா பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதுரைக்கு வந்து கல்லூரியில் தாவரவியல் படித்தார். பொம்பளைப் பிள்ளைக்குத் தாவரவியல் எதற்கு என்று உறவினர்கள் கேட்டபோது, "கீரை ஆய உதவும்" என்று அப்பா பதில் சொன்னார். அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் திருமணம். அத்தான் வீட்டாருக்குப் பரவைக்குச் சற்று முன்னால், திண்டுக்கல் சாலையில், மரக்கடையும் அதன் பின்புறம் மரம் அறுக்கும் மில்லும் இருந்தன. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போகும் பெண்கள் சமையலறையைப் பார்ப்பார்கள். எங்கள் அக்கா மரத்தூளைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். அத்தான் அன்றைக்கே பாதி முதலாளி பதவியை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மரங்களைப் பற்றி அவர் பேசினால் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். தேக்கைப் பற்றி ஒரு முறை சொன்னார்: "அது பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரிடா தம்பி. வந்து உக்காந்தா அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நிப்பாக. வேலை என்னமோ மத்ததுதான் பாக்கும்." வேம்பு நல்ல மரம், பூச்சி அண்டாது, ஆனால் அவசரக்காரனிடம் முறுக்கிக்கொள்ளும். வாகை அலமாரிக்கு அழகு. பால் வற்றிப்போன ரப்பர் மரத்தை மருந்தில் முக்கி எடுத்தால் மேசை நாற்காலிக்குத் தாராளமாகப் போதும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணச்சான்று வைத்திருந்தார். என் அலுவலகத்தில் நாங்கள் எழுதிய எந்தக் குணச்சான்றும் அவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

அவர் அதிகம் மதித்தது சீமைக் கருவையை. ஆம், கண்மாய்க்குள்ளும் தரிசுகளிலும் யாரும் கேட்காமல் முளைத்து, கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, ஆட்டின் காலில் முள் ஏற்றும் அதே மரம்தான். அது விறகுக்கும் கரிக்கும்தான் ஆகும் என்பது ஊரின் முடிவு. அக்கா அந்த முடிவை ஏற்கவில்லை. மரம் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும். கருவை மற்ற மரங்களைவிட மிகக் குறைவாகவே சுருங்கி ஊதும், கல்போல் கடினமாகவும் இருக்கும். கோணல் மரம் என்பதால் நீளப் பலகை கிடைக்காது. அதனால் என்ன, ஒரு சாண் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கட்டைகளாக அறுத்துப் பாய் முடைந்ததுபோல் பதித்தால் தரை ஆயிற்று என்பார். காட்டில் நூறு வருஷம் நின்ற மரத்தை வெட்டி ஒருவன் செருப்புக்குக் கீழே போடுவது அவருக்குப் பொறுக்காது. வெட்டினால் ஊரே நன்றி சொல்லும் மரம் இருக்கும்போது அது எதற்கு என்பது அவர் வாதம். இன்று இதற்கு நீளமான பெயர் வைத்துக் கருத்தரங்கம் நடத்துகிறார்கள். அன்று பெயர் எதுவும் இல்லாததால் அக்காவால் வேலையைப் பார்க்க முடிந்தது.

கீழக்குயில்குடிப் பக்கம் தரிசு வைத்திருந்தவர்கள், முதிர்ந்த கருவையை வெட்டிக்கொண்டு போனால் போதும் என்று அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். தேக்கை ஓரிடத்திலிருந்து நகர்த்த வேண்டுமானால் அனுமதி, முத்திரை, சோதனைச் சாவடி என்று ஒரு யாத்திரை போக வேண்டும். கருவையை யாரும் தடுத்து நிறுத்தியதில்லை. அறுத்த கட்டைகளை மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் காற்றுப் புகும்படி அடுக்கி, மதுரை வெயிலில் வருஷக்கணக்கில் காயப்போட்டார். அத்தான் இருந்தவரை கேலி செய்தாலும் தடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தான் காலமானார். அப்போது ஊரெங்கும் டைல்ஸ், கிரானைட் என்று கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அத்தானின் தம்பி, நாங்கள் சின்ன அத்தான் என்று அழைப்பவர், மரக்கடையை மூடிவிட்டு அந்த இடத்தில் கிரானைட் கடை வைக்க வேண்டும் என்றார். அக்கா முடியாது என்றார். நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அதைவிடப் பழைய முறை ஒன்று எங்கள் பக்கம் உண்டு. சின்ன அத்தான் கடைக் கதவில் தன் பூட்டு ஒன்றையும் போட்டார். அன்றிலிருந்து இரண்டு சாவியும் வந்தால்தான் கடை திறக்கும். இரு தரப்பும் தினமும் காலையில் முகம் பார்த்தாக வேண்டும். முகம் மட்டும் பார்த்தார்கள், பேச்சு இல்லை.

(இந்தப் பகுதியைச் சின்ன அத்தானின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். எழுதி அச்சுக்குக் கொடுத்த பிறகு சம்மதம் கேட்டேன். அரசு அலுவலகங்களில் இதற்குப் பின்னேற்பு என்று பெயர்.)

இப்படி நான்கைந்து ஆண்டுகள் போயின. அப்போது நகரில் உள்ள ஒரு பெண்கள் பள்ளி புதிதாகக் கலையரங்கம் கட்டியது. சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்துப் பிள்ளைகளுக்குக் குதிகால் வலிக்கிறது என்று நடன ஆசிரியை சொன்னதால், ஆடும் கூடத்துக்கு மரத்தரை போடலாம் என்று முடிவாயிற்று. பள்ளியின் தாளாளர் அம்மா அக்காவுடன் கல்லூரியில் படித்தவர். அவர் கடைக்கு வந்தபோது சின்ன அத்தானும் இருந்தார். அக்கா கருவைக் கட்டை ஒன்றை எடுத்து எண்ணெய் தேய்த்துக் காட்டினார். கருப்பட்டி நிறத்தில் மின்னியது.

"இது என்ன மரம், ரோஸ்வுட்டா?" என்றார் தாளாளர் அம்மா.

"சீமைக் கருவை."

தாளாளர் அம்மா கட்டையைக் கீழே வைத்துவிட்டார். சின்ன அத்தான் சிரித்தார். "மதினி, தேக்கு இருக்கையில விறகை அறுத்துத் தரையில பதிக்கப் போறீகளா? பிள்ளைக ஆடுமா, அடுப்பு மூட்டுமா?"

"ஆடும். ஒங்க தேக்குல ஆடுறத விட நல்லா ஆடும்" என்றார் அக்கா. அவர்கள் இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்டது வெகு நாட்களுக்குப் பிறகு அன்றுதான்.

தோழியை விடவும் முடியாமல், விறகை முழுதாக நம்பவும் முடியாமல் தாளாளர் அம்மா வேலையை இரண்டாகப் பிரித்தார்; பந்தயத்தை எங்கள் குடும்பம் சேர்த்துக்கொண்டது. முடிவு இப்படி வந்தது. கூடத்தின் தரையை அக்கா கருவையில் போடுவது. அதே அரங்கின் மேடையைச் சின்ன அத்தான் தேக்கில் போடுவது. அக்காவின் தரை திறப்பு விழா வரை சேதமில்லாமல் நின்றால் சின்ன அத்தான் கடையிலிருந்து தன் பூட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டை எழும்பினாலும் அக்கா தன் பூட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். குடும்பப் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்தார்கள். ஒரு கட்டை என்றால் முழுக்கட்டையா, ஓரம் தூக்கினாலும் சேருமா என்பதை விளக்கமாக வரையறுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்து, "ஓரம் தூக்குனாலும் சேரும். நீ சும்மா இருடா" என்றார்.

தரை வேலை நடந்தபோது நான் இரண்டொரு முறை போய்ப் பார்த்தேன். கட்டைகளைப் பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்து, இழைத்து, ஆளி விதை எண்ணெய் பூசினார்கள். நான்கு சுவர் ஓரத்திலும் ஒரு விரல் நுழையும்படி இடைவெளி விட்டு, அதை மெல்லிய சட்டத்தால் மறைத்தார்கள். சின்ன அத்தான் அந்த இடைவெளியைக் காலால் தடவிப் பார்த்து, "மரம் பத்தலையா மதினி? சொல்லிருந்தா நான் குடுத்திருப்பேனே" என்றார்.

"அது மூச்சு விடுறதுக்கு. ஒங்க மேடைக்கும் விடுங்க."

"என்னோடது தேக்கு. அதுக்கு மூக்கு கெடையாது."

அவர் வாங்கியது இளந்தேக்கு. சரியாகக் காயாத அகலப் பலகைகளைச் சுவருக்குச் சுவர் இடைவெளி இல்லாமல் இறுக்கி ஆணியடித்திருந்தார். பார்க்க மிக அழகாக இருந்தது. தாளாளர் அம்மாவே மேடையைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அதற்கு முன் வந்தது வெள்ளிக்கிழமை. நம் ஊரில் வெள்ளிக்கிழமை தரை கழுவாமல் ஒரு வீடு இருக்குமா? பள்ளியில் இரண்டு ஆயாம்மாக்கள் இருந்தார்கள். விழா நடக்கப்போகும் இடம், மேலே இழைத்த தூள் வேறு படிந்திருக்கிறது. அதிகாலையிலேயே வந்து, வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு மேடையிலும் தரையிலும் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் கழுவி, வாசல் வரை மஞ்சள் தண்ணீரும் தெளித்துவிட்டார்கள். வேறெந்த ஊரிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. மரத்தரையைத் துடைப்பார்கள் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நமக்குத் தரை என்றால் கழுவுவதுதான்.

செய்தி கிடைத்து அக்காவும் நானும் ஆட்டோவில் ஓடினோம். சின்ன அத்தான் முன்பே வந்து வாசலில் நின்றார். முகத்தில் வருத்தம் தெரியும்படி பார்த்துக்கொண்டார். கூடத்தில் தண்ணீர் கணுக்கால் தொடவில்லையே தவிர, மேற்கூரை அதில் தெரிந்தது.

ஆயாம்மாக்களில் மூத்தவர் அக்காவிடம் வந்தார். "நல்லா அழுக்குப் போகத் தேச்சு விட்டிருக்கோம்மா. கழுவக் கூடாதுன்னு நீங்க ஒரு சொல்லுச் சொல்லலையே. நல்ல நாளுமா தரையக் கழுவாமப் போட முடியுமா?"

அக்கா கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "முடியாதுதான். இப்ப பழைய வேட்டி, துண்டு, கெடைக்கிறத எல்லாம் கொண்டா. ஒத்தி எடுப்போம்" என்றார். ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். தாளாளர் அம்மாவும் கூடக் குனிந்து தண்ணீரை ஒத்தி எடுத்தார். நான் எடுத்த துண்டு என் சொந்தத் துண்டு. மேடையையும் சேர்த்துத் துடைத்தோம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு முழுவதும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. "ஊறியிருக்கும்டா. எம்புட்டு ஊறியிருக்குங்குறதுதான் தெரியல" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அந்தக் கடை போனால் அவருக்கு வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவருக்குத் தொலைக்காட்சி பிடிக்காது.

சனிக்கிழமை பகலில் மறுபடியும் போனோம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் கூடம் முழுவதையும் மிதித்தார். பிறகு குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். அறுபதை நெருங்கிய பெண்மணி பள்ளிக்கூடத் தரையில் இப்படிப் படுத்திருப்பதை நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். ஒரு கட்டை எழும்பவில்லை. ஓரமும் தூக்கவில்லை. சுவரோரச் சட்டத்தைக் கழற்றச் சொன்னார். விரல் நுழைந்த இடைவெளியில் இப்போது சுண்டுவிரல்தான் நுழைந்தது. கருவை, தான் ஊறி விரிந்த கொஞ்சத்தையும் அங்கே தள்ளி மூச்சுவிட்டிருந்தது.

அப்போது மேடையில் வெடிச் சத்தம்போல் ஏதோ கேட்டது. சத்தம் வந்த இடத்தில் ஓர் ஆணி பிடுங்கிக்கொண்டு நின்றது. போக இடமில்லாத பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, நடு மேடையில் குடிசைக் கூரைபோல் எழும்பியிருந்தன. ஓரப் பலகைகள் பொரித்த அப்பளமாக வளைந்திருந்தன. தேக்கை நான் குறை சொல்லவில்லை. காய்ந்த தேக்கை இடம் விட்டுப் போட்டிருந்தால் அதுவும் நின்றிருக்கும் என்று அக்காவே பிறகு சொன்னார். அன்று மட்டும் சொல்லவில்லை.

சின்ன அத்தான் மேடையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே தண்ணிதான ஊத்துனீக?" என்று ஆயாம்மாவிடம் கேட்டார்.

"ஒங்களதுக்கு ரெண்டு வாளி கம்மி சார்" என்றார் ஆயாம்மா.

ஞாயிற்றுக்கிழமை மேடையைத் திரைபோட்டு மூடிவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் உட்பட அனைவரும் கூடத்தைச் சுற்றி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நின்று பேச மேடை இல்லாததால் வாழ்த்துரைகள் மிகவும் சுருங்கின. அக்கா இந்த ஊருக்குச் செய்த நன்மைகளில் இதையும் சேர்க்க வேண்டும். பிறகு பிள்ளைகள் கூடத்தின் நடுவில் வந்து ஆடினார்கள். முப்பது பிள்ளைகளுக்கு மேல் ஒரே தாளத்தில் கால் தட்டியபோது, சிமெண்டில் கேட்கும் சப்பென்ற ஒலி இல்லை; பெரிய மத்தளத்துக்கு உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நடன ஆசிரியை சலங்கையோடு அக்காவிடம் ஓடி வந்து, "அம்மா, கால் வலிக்கவே இல்லைங்கறாங்க" என்றார். அக்கா தலையை ஆட்டினார்.

எல்லோரும் கலைந்த பிறகு சின்ன அத்தான் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் நடந்து பார்த்தார். சுவர் வரை போய்த் திரும்பி வந்தார்.

"மதினி, எங்க வீட்டு முன் ஹாலுக்கும் இது மாதிரி போட்டுத் தருவீகளா?"

"தாரேன். நாளைக்குக் காலையில கடைக்கு வாங்க, பேசுவோம்."

"காலையில வாரேன். நீங்க வர்றதுக்கு முன்னாடியே பூட்டைக் கழட்டிருறேன்."

சொன்னபடி செய்தார். அதன் பிறகு கடையில் ஒரே பூட்டுதான். அடுத்த ஆண்டே சின்ன அத்தான் கடையின் கொள்முதலைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் நல்ல கருவை நிற்கும் இடம் தேடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லாமல் போயிற்று. அக்காவின் மகள் சென்னையில் வீட்டு உள்ளலங்காரம் படித்துத் திரும்பியதும் வேலை இன்னும் விரிந்தது. மருத்துவர் வீடுகள், ஒரு நூலகம், கொடைக்கானல் சாலையில் ஒரு விடுதி, அண்ணா நகரில் நகைக்கடைக்காரர் ஒருவரின் பூஜை அறை என்று கருவை எல்லா இடத்திலும் ஏறி உட்கார்ந்தது. விலையைக் கேட்டுவிட்டு "விறகுதானே" என்று பேரம் பேசுபவர்களிடம், "விறகு வேணும்னா பின்னால கெடக்கு, எடுத்துட்டுப் போங்க" என்பார் அக்கா.

கடைசி ஆண்டில் இருதயம் தொந்தரவு கொடுத்தது. மருத்துவமனையில் கட்டிலில் படுத்தபடியே, சுவரில் பதித்திருந்த பலகை எந்த மரம் என்று செவிலியரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அது மரமே இல்லை, காகிதத்தில் அச்சடித்து ஒட்டியது என்ற விவரத்தையும் கடைசியில் அக்காவேதான் சொன்னார். பெரிதாக அவதிப்படாமல், மகளின் கையைப் பிடித்தபடி போனார்.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. செய்தி கேட்டதும் முதலில் வந்து பந்தல் முதல் சாப்பாடு வரை பொறுப்பேற்ற சின்ன அத்தானுக்கு நன்றி என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை, கோபித்துக்கொள்ளட்டும். மில் தொழிலாளர்களுக்கும், எழுமலையிலிருந்து வேன் பிடித்து வந்த உறவினர்களுக்கும், கூடத்தில் ஆடிய பிள்ளைகளில் இன்று தாய்மாரான பின்னும் நினைவு வைத்து வந்தவர்களுக்கும் நன்றி.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், போகும்போது வாசலில் தயங்கி நின்று, தங்கள் வீட்டுக்கு அளவெடுக்க எப்போது வருவீர்கள் என்று மகளிடம் மெதுவாக விசாரித்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் கேட்கிறோமே என்று அவர்களுக்குக் கூச்சம். அவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. அக்கா இருந்திருந்தால் அவர்களைத்தான் முதலில் உட்காரவைத்துக் காபி கொடுத்திருப்பார்.