முதுகு காட்டி நிற்பவள்

எங்கள் பெல்-ரிவியேர் ஊர் மண்டபத்தின் வாசலுக்கு மேலே, சுவரோடு சுவராக ஒரு பெரிய புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் இருந்த தோல் வியாபாரக் கிடங்கின் நினைவாகச் செதுக்கியது. தாடிக்கார வியாபாரி ஒருவன். படகிலிருந்து நீர்நாய்த் தோல்கட்டு இறக்கும் ஆட்கள் இரண்டு பேர். நடுவில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பளியை விரித்துப் பார்க்கும் ஒரு பெண். அந்த முதுகு யாருடையது என்பதுதான் எங்கள் ஊரின் தீராத வழக்கு.

"நான்தான்" என்பாள் டெல்பீன் அத்தை. "நான்தான்" என்று சாகும்வரை சொன்னாள் என் அம்மா ஹெர்மின். சிற்பி வந்த கோடையில் இரண்டு பேரும் கல்யாணமாகாத உயிர்த்தோழிகள். அந்த மனுஷன் ஒருநாள் இவளை நிற்கவைப்பான், மறுநாள் அவளை. கடைசியில் செதுக்கியது யாரை என்று சொல்லாமலே போய்விட்டான். படுபாவி! சிற்பம் திறந்த அன்று பிடித்த சண்டை, அம்மாவின் சவப்பெட்டியை மூடியபோதும் தீரவில்லை. டெல்பீன் அத்தை கோயிலுக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போனாள்.

அவளைச் சும்மா சொல்லக்கூடாது. மீன்பிடி முகாமில் சமைத்துச் சம்பாதித்து, மண்டபத்துக்கு எதிரிலேயே சாப்பாட்டுக் கடை போட்டவள். அவளுடைய கறி உருண்டை சூப்புக்காக லாரிக்காரர்கள் வழி மாற்றி வருவார்கள். ஒரு புருஷனை ஆறு கொண்டுபோனது. இன்னொருவனை அவளே விரட்டிவிட்டாள். எங்காவது பிடில் சத்தம் கேட்டால் முட்டிவலியை மறந்து ஆடுவாள். ஆனால் அந்த வாய் இருக்கிறதே! வெளியூர்க்காரன் எவன் வந்தாலும் ஜன்னல் பக்கம் திருப்பி, "அந்த இடுப்பப் பாத்தியா? என்னோடது" என்று சொல்லாமல் விடமாட்டாள்.

என் அம்மாவைப் பொய்க்காரி என்றவள் கடையில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

இந்த வசந்தத்தில் சிற்பத்தின் மேல் யாரோ எப்போதோ பூசியிருந்த பழுப்புச் சாயத்தைச் சுரண்டி எடுத்தார்கள். கீழே ஒரு பலகை வைத்து, நின்றவளின் பெயரைப் பொறிக்கப்போவதாக மேயர் ரோமியோ சொன்னார்.

"உயிரோட இருக்கிறவங்க சொல்றதத்தானே போட முடியும்?"

"அப்போ செத்தவங்களுக்கு வாய் இல்லைன்னு அதையும் சேர்த்துப் பொறிங்க!" என்று தெருவில் நின்று கத்தினேன்.

டெல்பீன் அத்தை கையைத் துடைத்துக்கொண்டு கடையிலிருந்து வெளியே வந்தாள். அவள் சும்மா இருந்திருந்தால் பெயர் அவளுக்குத்தான்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. என்னை மேல ஏத்துங்க. அவ காலப் பாக்கணும்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா?" என்றார் ரோமியோ.

"உன் முட்டியவா கேட்டேன்?"

சாயம் சுரண்ட வந்திருந்த தூக்குவண்டியின் கூடையில் அவள் ஏறியதும் நானும் ஏறினேன். தனியாக அனுப்ப எனக்கென்ன பைத்தியமா?

"வாடி, ஹெர்மின் மகளே. விழுந்தா உன் மேலதான் விழுவேன்."

மேலே போய்க் கிட்டத்தில் பார்த்தேன். அந்தப் பெண்ணின் மான்தோல் செருப்பில் இருந்த பாசிமணிப் பூக்களைச் சிற்பி மணி மணியாகச் செதுக்கியிருந்தான். இத்தனை வருஷம் சாயத்துக்கு அடியில் கிடந்திருக்கிறது! எங்கள் பெண்கள் பாசிவேலை செய்யும்போது வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பார்கள். குறையில்லாமல் செய்வது கடவுள் வேலை, நமக்கு எதற்கு என்பார்கள். தப்பை எந்த இடத்தில் வைப்பது என்பது அவரவர் ரகசியம். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஊசியே பிடித்ததில்லை. அம்மாவின் தப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, அவரவர் செருப்புக்குப் பாசி கோத்த டெல்பீன் அத்தைக்குத் தெரியும். இனி உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் என்ன சொன்னாலும் அதுதான் உண்மையாகப்போகிறது.

அவள் விரல் குதிகாலைத் தடவியது. நகர்ந்தது. நின்றது.

"என்ன? சொல்லித் தொலைங்களேன்."

"குதிகால் பக்கம் ஒரு இலைய நான் தலைகீழா வைப்பேன். இதுல எல்லாம் நேரா இருக்கு." மூச்சு வாங்கினாள். "இந்தப் பூவப் பாரு. மத்ததுக்கெல்லாம் அஞ்சு இதழ், இதுக்கு ஆறு. உங்கம்மா வேலை."

"செருப்ப மாத்திப் போட்டிருக்கலாமே?" என்று என் வாயே அவளுக்காகக் கேட்டது.

"என் கால் அவ செருப்புல நுழையவே நுழையாது. அவ பொய் சொல்லலடி. நான்தான் ஊர் பூரா அவளப் பொய்க்காரின்னு..."

அவள் அழுததில் கூடையே ஆடியது. ஜெயித்த சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூக்கைத் துடைத்துவிட்டு அவள் மேலே பார்த்தாள். கல் இடுப்பை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு. ஹெர்மினுக்கு இந்த இடுப்பு கிடையாது. சத்தியமா கிடையாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மா நெட்டுக்குத்தாகப் பலகை மாதிரி இருப்பாள். அந்தச் சிற்பி இரண்டு பேரையும் சேர்த்துத்தான் ஒருத்தியைச் செய்திருக்கிறான்!

கீழே இறங்கியதும் அவள் ரோமியோவிடம், "ரெண்டு பேர் பேரும் போடு. ஹெர்மின் பேர முதல்ல போடு" என்றாள்.

"ஏன் அவங்க முதல்ல?"

"கால் இல்லாம இடுப்பு எங்கடா நிக்கும்?"

அன்று அவள் கடையில் உட்கார்ந்து, முதல்முறையாக அந்த உருண்டை சூப்பைக் குடித்தேன்.

"உப்பு கொஞ்சம் கம்மி, அத்தை."

"அந்தக் காலத்துல உங்கம்மாவும் இதையேதான் சொல்லுவா" என்று சொல்லி, உப்பு ஜாடியை என் பக்கம் தள்ளிவிட்டு, எதிரில் உட்கார்ந்து மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.