ஸ்டெல்லா பிடித்த குழாய்

பேய், பில்லிசூனியம் எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. இருபது வருஷம் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்தவள், மந்திரித்த கயிறு என்று யாராவது வந்தால் சிரித்தே அனுப்பிவிடுவேன். இதைக் கேட்டு நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை, நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. மாமல்லபுரத்தில் சிலை செதுக்கும் அந்தோணியைக் கொண்டுவந்தார்கள். ஒரு சொட்டு குடிக்காத மனுஷன், காமாலைக் கிருமி கல்லீரலைத் தின்றுவிட்டது. கல்லீரல் போனால் ரத்தம் லேசில் உறையாது. காலையிலிருந்து ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது, இப்படியே போனால் ஆள் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க இரண்டு கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்தேன். அன்றைக்கு கரண்ட் இல்லை. கரண்ட் போனால் குழாயை உள்ளங்கைச் சூட்டில் மூடிவைத்து, அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் சாய்த்துப் பார்ப்போம். இருபது நிமிஷம் ஆகியும் இரண்டும் தண்ணீராகவே ஆடின. வாசலில் நின்ற அவர் பெண்சாதி ஸ்டெல்லா, "ஒண்ண என்னாண்ட குடுக்கா, என் கை சூடா கீது" என்றாள். கொடுக்கக் கூடாது. பாவமாக இருந்தது, கொடுத்துவிட்டேன்.

அடம்பிடிக்கிற பிள்ளையை மிரட்டுகிற மாதிரி அவள் அந்தக் குழாயை உறைஞ்சிக்கோ, உறைஞ்சிக்கோ என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வார்டு நர்ஸ் ஓடிவந்து கசிவு நின்றுவிட்டது என்றார். ஸ்டெல்லா குழாயோடு அப்படியே ஓடிவிட்டாள். என்னிடம் இருந்த குழாய், அதே ஊசியில் எடுத்த ரத்தம், சாயங்காலம் வரைக்கும் உறையவில்லை, சத்தியம்.

சாயங்காலம் வார்டுக்குப் போய் அவளிடம் குழாயைக் கேட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கவிழ்த்துப் பார்த்தேன், ரத்தம் அசையவில்லை. கட்டிலில் அந்தோணியின் இடது கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது, உள்ளே ரத்தம் உறைந்து நாளத்தை அடைத்திருக்கிறது என்றார்கள். மறுநாள் அந்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்ததில் அந்தோணி போய்ச் சேர்ந்துவிட்டார்.

கல்லீரல் கெட்டவர்களுக்கு ரத்தம் கசியவும் செய்யும், வேண்டாத இடத்தில் உறையவும் செய்யும் என்றார் டாக்டர். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஊசி ரத்தம் இரண்டு குழாயில் இரண்டு விதமாக எப்படி சார் இருக்கும் என்று கேட்டேன். நீ வேறு ஆள் குழாயை மாற்றிக் கொடுத்திருப்பாய் என்றார். நான் மாற்றவில்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

ஸ்டெல்லா அழவில்லை. "உறைன்னு சொன்னேன். போதும்னு சொல்ல மறந்துட்டேன்க்கா" என்றாள்.

பிறகு மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் கரண்ட் போய்க் குழாயைக் கையில் பிடிக்க நேர்ந்தால், ரத்தம் உறைந்ததும் என் வாய் தானாகப் போதும் என்கிறது. நான் இன்னும் எதையும் நம்பவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் ஒரு குழாயையும் கீழே வைத்ததில்லை.